வங்கதேசத் தொண்டு நிறுவனங்களும் பெண்களின் நிலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1980-களின் தொடக்கம். வங்கதேசக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டு முற்றம். வெளியூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி பாயில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, இடுப்பில் பிள்ளையோடு வீட்டுக்காரி. மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதைக் கலந்து கொடுத்தால் பேதியில் துவளும் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்பதுதான் பாடம். வீட்டில் அளவுப் பாத்திரம் கிடையாது. அதனால் வந்தவள் அந்த வீட்டுச் சொம்பிலேயே அரை சேர் எதுவரை நிற்கும் என்று அளந்து அடையாளம் வைக்கிறாள். அப்புறம் தாயையே கலக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் அதே ஊருக்கு வருவார். சில வீடுகளை மட்டும் பொறுக்கியெடுத்து, "சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள்" என்பார். தாய் கலந்த கரைசலில் கொஞ்சம் எடுத்துப்போய் உப்பின் அளவு சரியா என்று சோதிப்பார்கள். தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்பது கணக்கில் வராது. பாடம் அங்கே தங்கியதா என்பது மட்டுமே கணக்கு.

இதை நடத்தியது பிராக் என்ற தொண்டு நிறுவனம். 1980 முதல் 1990 வரை பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்தப் பாடம் நேரில் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் பிழைத்த கதையைப் பலர் சொல்லிவிட்டார்கள். நான் பார்க்க நினைப்பது அந்தப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை. ஒருத்தி, தனியாக ஊர் விட்டு ஊர் போய்ச் சம்பளம் வாங்கியவள். இன்னொருத்தி, தன் கையால் கலந்த தண்ணீரில் பிள்ளை தேறுவதைப் பார்த்தவள். ஒரு ஏழை நாட்டில் தொண்டு நிறுவனங்கள் பெண்களின் நிலையை எப்படி மாற்றுகின்றன, எங்கே தோற்கின்றன என்று கேட்டால் நான் இந்த முற்றத்திலிருந்துதான் தொடங்குவேன்.

அந்த நாடு நின்ற இடம்

1970 நவம்பரில் வந்த புயல் சில லட்சம் பேரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு விடுதலைப் போர். அகதிகளாக இந்தியாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மாடும் இல்லை. புதிய அரசின் கை எட்டாத இடங்கள் ஏராளம். சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்த ஃபஸ்லே ஹசன் ஆபெத், லண்டனிலிருந்த தன் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1972-ல் வடகிழக்கில் சுல்லா என்ற பகுதியில் நிவாரண வேலையைத் தொடங்கினார். அதுதான் பிராக். அதே ஆண்டு டாக்டர் ஜப்ருல்லா சௌத்ரி டாக்காவுக்கு அருகே சாவரில் கொணோஷாஸ்தோ கேந்திராவை, அதாவது மக்கள் நல்வாழ்வு மையத்தை, நிறுவினார். 1976-ல் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குச் சேர்த்து 27 டாலருக்குச் சமமான பணத்தைக் கடன் கொடுத்தார். 1983-ல் அது கிராமீன் வங்கி ஆனது. சட்டப்படி அது வங்கிதான், தொண்டு நிறுவனம் இல்லை. ஆனாலும் தொண்டு நிறுவனங்கள் பின்னால் பிடித்துக்கொண்ட கடன் முறை அங்கிருந்து வந்ததால் அதை இந்த ஆய்வில் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

1975-ல் அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கும் மேல் பிள்ளைகள். 2011 கணக்கெடுப்பில் அது 2.3. கருத்தடை முறை பயன்படுத்திய தம்பதிகள் 100-க்கு 8 பேராக இருந்து 60-ஐத் தாண்டினார்கள். வருமானம் பெரிதாக ஏறுவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. இதைத்தான் உலகம் வியந்து பார்த்தது. இதில் தொண்டு நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி, பிறகு வருகிறேன்.

சைக்கிளில் போன பெண்கள்

சாவரில் ஜப்ருல்லா செய்த காரியம் அன்றைக்குப் பெரிய துணிச்சல். கொஞ்சம் பள்ளிப் படிப்பு மட்டுமே இருந்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவ உதவியாளர்களாகப் பழக்கினார். நோய் பார்ப்பது, தடுப்பூசி போடுவது என்று தொடங்கியது, பெண்களுக்கான கருத்தடை அறுவையையே அவர்கள் செய்யும் அளவுக்குப் போனது. அவர்கள் செய்த அறுவைகளின் முடிவுகள் டாக்டர்கள் செய்ததற்குக் குறைந்தவை இல்லை என்பது 1975-லேயே லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

ஆனால் ஊரை உலுக்கியது அறுவை சிகிச்சை இல்லை, சைக்கிள். சேலை கட்டிய இளம்பெண்கள் மருந்துப் பையோடு வரப்பிலும் மண் பாதையிலும் சைக்கிள் மிதித்துப் போனார்கள். வாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டிய ஊரில் இது எப்படி இருந்திருக்கும்! முதலில் முணுமுணுப்பு, மதத் தலைவர்களின் கண்டனம். கொஞ்ச காலம் போனது. ராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆனபோது சைக்கிள் பழகிப்போனது. அதே மையத்தில் பெண்கள் தச்சு வேலையும் இரும்பு வேலையும் கற்றார்கள்.

1985-ல் பிராக் 22 ஓரறைப் பள்ளிகளைத் திறந்தபோதும் இதே வழிதான். மூங்கில் சுவர், மண் தரை, முப்பது பிள்ளைகள், அதில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். ஆசிரியை அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண். ஒன்பதாவது, பத்தாவது படித்துவிட்டு அடுப்படியோடு நின்றுபோனவள். அவளைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் 'ஆபா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா என்று பொருள். இன்னாரின் பெண்டாட்டி, இன்னாரின் அம்மா என்றே அறியப்பட்டவளுக்கு ஊரில் தனக்கென்று ஒரு பெயர் கிடைத்தது. பெண்களின் நிலையை அளக்கிற அட்டவணைகளில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. என்னைக் கேட்டால் முதல் கட்டமே இதுதான்.

பேதிக் கரைசல் திட்டத்தில் நடந்த ஒரு சறுக்கலையும் சொல்ல வேண்டும். முதல் கட்டத்தில் தாய்மார்கள் பாடத்தைத் துல்லியமாக ஒப்பித்தார்கள், ஆனால் பிள்ளைக்குப் பேதி வந்தால் கரைசலைக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏன் என்று தேடிப் போனபோது இரண்டு காரணங்கள் கிடைத்தன. சொல்லிக்கொடுத்த பணியாளர்களே அதை முழுதாக நம்பவில்லை, தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். இன்னொன்று, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசியிருக்கவில்லை. அதன்பிறகு பணியாளர்களுக்குக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று புரியவைத்தார்கள், ஊர் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பயன்பாடு ஏறியது. பெண்களுக்கான திட்டம் என்று சொல்லி வீட்டு ஆண்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. கடன் கொடுக்கப் போனவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

கடன்

கிராமீன் வங்கியின் கடன் கூட்டம். வாரம் ஒருநாள் காலை, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஐந்து பெண்கள் ஒரு வரிசை, அது ஒரு குழு. அப்படிப் பல வரிசைகள். எதிரே பெரும்பாலும் ஒரு ஆண் அதிகாரி. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பாஸ்புத்தகமும் பணமும் முன்னால் போகும். எல்லோர் கண் முன்னாலும் எண்ணுவார். தவணைக்கு அங்கே பெயர் 'கிஸ்தி'. நிலவரிக்கு நம்மிடம் புழங்கிய அதே சொல் அங்கே வாரக் கடனுக்கு ஒட்டிக்கொண்டது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேருக்கும் அடுத்த கடன் சிக்கலாகும். ஈடு கிடையாது, பத்திரம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியின் பார்வைதான் ஈடு.

கிராமீன் வங்கியின் கடனாளிகளில் 100-க்கு 95-க்கும் மேல் பெண்கள். வரதட்சணை வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம் என்பது உட்படப் பதினாறு தீர்மானங்களை அவர்கள் உறுதிமொழியாக எடுத்தார்கள். 2006-ல் யூனுஸும் வங்கியும் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, பெண்கள் கையில் கடனைக் கொடுத்தால் போதும், அவர்கள் நிலை தானே உயரும் என்ற நம்பிக்கை உலகமெங்கும் பரவியது.

சரி, கொட்டகையிலிருந்து பணம் எங்கே போனது? 1996-ல் ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா இருவரும் இதைத்தான் நான்கு கடன் திட்டங்களில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வாங்கிய கடன் எதற்குப் போகிறது என்பதில் முழுதாகவோ பெருமளவிலோ தன் பிடியை வைத்திருந்த பெண்கள் 100-க்கு 37 பேர்தான். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்கள் பெயரில் வாங்கிய கடனோடு எந்தத் தொடர்பும் இல்லை. பணம் கணவனின் ரிக்‌ஷாவாகவோ, மாமனாரின் வியாபாரமாகவோ ஆகிவிட்டது. கிஸ்தி கட்ட வேண்டிய நாளில் மட்டும் கொட்டகையில் உட்கார வேண்டியவள் அவள். பெண்களுக்கே ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு கசப்பான பதிலும் இதில் இருக்கிறது. ஆண் ஊரை விட்டுப் போய்விடலாம். பெண் எங்கே போவாள்? திருப்பிக் கட்டும் விகிதம் உயர்ந்து நின்றதற்கு அவளுடைய பொறுப்புணர்ச்சி மட்டும் காரணம் இல்லை, அவளுடைய அடைபட்ட நிலையும் காரணம்.

டாங்கைல் மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த அமினுர் ரஹ்மானிடம், கடன் வாங்கிய பிறகு வீட்டில் வசவும் சண்டையும் கூடின என்று பெரும்பாலான பெண்கள் சொன்னார்கள். தவணை தவறினால் வீட்டுத் தகரத்தைக் கழற்றி விற்று ஈடுகட்டிய சம்பவங்களை லாமியா கரீம் பதிவு செய்திருக்கிறார். கூரையை இழந்த குடும்பம் ஊருக்கு முன்னால் மானத்தையும் இழக்கும். ஒரு பெண்ணின் மானத்தை அடமானமாகப் பிடிப்பதை எந்தத் திருப்பிக் கட்டும் விகிதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இங்கேயே நிறுத்திவிட்டால் அதுவும் அரைகுறைதான். நைலா கபீர் என்ற ஆய்வாளர், கடன் வாங்கிய பெண்களிடம் வேறு விதமாகக் கேட்டார். பணத்தைச் செலவழிப்பது யார் என்று மட்டும் கேட்காமல், உனக்கு என்ன மாறியது என்று கேட்டார். ரிக்‌ஷாவைக் கணவனே ஓட்டினாலும், அது தன் மூலமாக வந்தது என்பதால் வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பு கூடியதாகப் பலர் சொன்னார்கள். வாரம் ஒருநாள் வெளியே வந்து நாலு பேரோடு உட்காருவதே பெரிது என்றவர்களும் உண்டு. சையத் ஹாஷ்மி, சிட்னி ஷூலர், ஆன் ரைலி ஆகியோரின் 1996 ஆய்விலும் கடன் குழுவில் இருந்த பெண்களிடம் நடமாட்டம், சொந்தமாக வாங்குவது, சட்ட விவரம் அறிவது ஆகியவை கூடுதலாகவே இருந்தன. எனக்கு இந்த இரண்டு பக்கமும் உண்மையாகவே படுகிறது. குழு பலன் தந்தது, கடன் அதே அளவுக்குத் தரவில்லை. ஆறு நாடுகளில் நடந்த சிறுகடன் சோதனைகளின் முடிவுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தபோதும், கடனால் பெண்களின் முடிவெடுக்கும் உரிமை பெரிதாக மாறியதாகப் பெரும்பாலும் தெரியவில்லை.

வங்கதேசத்தில் கடன் கொடுக்கும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2006-ல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. பிறகு வட்டிக்கு 27 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். வந்தது நல்லது, வந்தது தாமதம்.

கொட்டிலில் நின்ற மாடு

கடன் கூட வாங்க முடியாத அளவுக்கு வறுமையில் இருந்த பெண்களுக்காக பிராக் 2002-ல் வேறொரு திட்டம் தொடங்கியது. கடன் இல்லை, இலவசமாகவே மாடோ ஆடுகளோ கொடுத்து, கொஞ்ச காலம் செலவுக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்து, வீடு தேடி வந்து விசாரிக்கிற திட்டம். இரண்டு ஆண்டுகள். வறுமையைக் குறைத்த திட்டங்களில் இவ்வளவு வலுவான சான்று உள்ளவை குறைவு. ஆறு வேறு நாடுகளிலும் செய்து பார்த்தார்கள், சாப்பாடும் வருமானமும் சேமிப்பும் கூடி, உதவி நின்ற பிறகும் தங்கின.

பெண்ணின் நிலை மட்டும் அப்படித் தங்கவில்லை. அந்த ஆறு நாட்டு ஆய்விலேயே, பெண்களின் அதிகாரத்தில் முதலில் தெரிந்த ஏற்றம் ஓராண்டில் மங்கிவிட்டது. வங்கதேசத்தில் ஷாலினி ராயும் உடன் ஆய்வாளர்களும் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். திட்டம் கொடுத்த மாடு பெண்ணின் பேரிலேயே இருந்தது. கூடிய வருமானத்தில் புதிதாக வாங்கியவை பெரும்பாலும் ஆணின் பேருக்குப் போயின. மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவள் வெளியே போவது குறைந்தது. நாள் முழுக்கத் தீவனம், சாணம், தண்ணீர் என்று வீட்டோடு வேலை. முன்பு அடுத்த வீட்டில் கூலிக்குப் போனவளுக்கு இது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பசி தீருவது பெரிய விஷயம். ஆனால் வறுமை குறைந்தால் பெண்ணின் நிலை தானே உயரும் என்று நினைப்பவர்கள் இந்த மாட்டுக் கொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு வந்தபோது

1990-களின் தொடக்கத்தில் எதிர்ப்பு தெருவுக்கு வந்தது. 1993-94 காலத்தில் பல ஊர்களில் பிராக் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். பட்டு வளர்க்கப் பெண்கள் நட்ட முசுக்கட்டைச் செடிகளை வெட்டினார்கள். தொண்டு நிறுவனத்தோடு சேரும் பெண்களுக்கு எதிராக ஃபத்வா எனப்படும் மதத் தீர்ப்புகள் வந்தன. சில்ஹெட் பகுதிக் கிராமம் ஒன்றில் 1993 ஜனவரியில், மறுமணம் செல்லாது என்று சொல்லி 'ஷாலிஷ்' எனப்படும் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு பெண்ணைக் குழியில் நிறுத்திக் கல்லெறிந்தது. அன்றே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வேறு வகைத் தொண்டு நிறுவனங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. 1986-ல் தொடங்கிய ஐன் ஓ சாலிஷ் கேந்திரா போன்ற சட்ட உதவி அமைப்புகள் கடனும் கொடுப்பதில்லை, மாடும் கொடுப்பதில்லை. வழக்கைப் பதிவு செய்வது, நீதிமன்றம் போவது, பத்திரிகையைக் கூப்பிடுவது. 2001 ஜனவரி 1-ல் உயர் நீதிமன்றம் ஃபத்வா செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2011-ல் மேல்முறையீட்டில், மதம் பற்றிக் கருத்துச் சொல்லலாம், அதன் பேரில் யாருக்கும் தண்டனை தரக் கூடாது என்று முடிவானது. அமில வீச்சுக்கு எதிராக நாரிபொக்கோ என்ற பெண்கள் அமைப்பு எழுப்பிய குரலும் இப்படித்தான். 1999-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கான அறக்கட்டளை வந்தது, 2002-ல் அமில விற்பனையைக் கட்டுப்படுத்தவும் குற்றத்தைத் தண்டிக்கவும் இரண்டு சட்டங்கள் வந்தன. அந்த ஆண்டு 500-ஐ நெருங்கிய தாக்குதல்கள் பத்தாண்டுகளில் 100-க்கும் கீழே இறங்கின. முகம் வெந்த பெண்களே மேடையேறிப் பேசியதால் நடந்தது இது.

யாருக்கு எவ்வளவு பங்கு

எல்லாப் பெருமையையும் தொண்டு நிறுவனங்களுக்கே எழுதிவிடுவது தவறு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வீடு வீடாகப் போகப் பல்லாயிரம் பெண்களை வேலைக்கு எடுத்தது அரசு. 1980-களில் வளரத் தொடங்கிய ஆயத்த ஆடைத் தொழில் லட்சக்கணக்கான பெண்களை நகரத்துக்கு இழுத்தது. தொழிலாளி என்ற அடையாளத்தோடு வந்த ஆபத்தை 2013 ஏப்ரலில் ரானா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடத்தின் இடிபாடு காட்டியது. 1,134 பேர் இறந்தார்கள்.

தொண்டு நிறுவனமும் அரசும் எப்படிக் கைகோத்தால் நல்லது என்பதற்குப் பெண்கள் உதவித்தொகை ஒரு சான்று. 1982-ல் சாந்த்பூர் பக்கம் ஷாராஸ்தியில் ஒரு உள்ளூர்த் தொண்டு நிறுவனம் சிறிதாகச் செய்து பார்த்தது. 1994-ல் அரசு அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. உயர்நிலைப் பள்ளிப் பெண்ணுக்கு மூன்று நிபந்தனை: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் ஆகாமல் இருப்பது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளை எட்டிப் பிடித்தார்கள்.

ஆனாலும் 2019 கணக்கெடுப்பில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு 18 முடியும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. பள்ளிக்கு அனுப்பினார்கள், பிறகு கட்டியும் கொடுத்தார்கள். வரதட்சணை 1980-லேயே சட்டப்படி குற்றம். கொட்டகையில் உறுதிமொழி எடுத்த கையாலேயே மகள் கல்யாணத்துக்குக் கடன் பணத்தைக் கொடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முஸ்லிம் குடும்பத்தின் வாரிசுச் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான் என்ற சட்டம் அசையாமல் இருக்கும்போது, அவளுக்குத் தெரிந்த ஒரே காப்பு மகளின் கல்யாணம்தான்.

நிலம் என்று வரும்போது பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டன. கடன் கொடுப்பவர்களுக்கு ஊர்ப் பெரியவர்களோடு சுமுகம் வேண்டும், கிஸ்தி வசூலாக வேண்டும். நிலம் கேட்டால் அது நடக்காது. அந்த இடத்தில் நின்றது நிஜேரா கோரி. 'நாமே செய்வோம்' என்று பொருள். குஷி கபீர் வழிநடத்திய இந்த அமைப்பு கடன் கொடுப்பதே இல்லை என்று தீர்மானித்து, நிலமில்லாதவர்களைக் குழுவாகச் சேர்த்து, புறம்போக்கு நிலத்தில் அவர்களுக்குள்ள உரிமையைக் கேட்க வைத்தது.

குல்னா மாவட்டத்தில் 22-ஆம் எண் போல்டர் என்று கரை கட்டிக் காக்கும் ஒரு தாழ்நிலப் பகுதி இருக்கிறது. இறால் பண்ணைக்காகக் கரையை உடைத்து உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் நெல்லும் போகும், மாட்டுக்குப் புல்லும் போகும், குடிக்கும் தண்ணீரும் போகும். 1990 நவம்பர் 7 அன்று பண்ணை முதலாளியின் ஆட்கள் வந்தபோது நிலமற்றோர் ஊர்வலத்தின் முன்வரிசையில் கருணாமயி சர்தார் என்ற பெண் இருந்தார். அவர்கள் துப்பாக்கியால் சுட்டதில் அந்த இடத்திலேயே இறந்தார். இறால் அந்தப் போல்டருக்குள் நுழையவில்லை. ஒவ்வொரு நவம்பர் 7-ம் தேதியும் நிலமில்லாத பெண்களும் ஆண்களும் சுற்று ஊர்களிலிருந்து நடந்தும் படகிலும் அங்கே வந்து கூடுகிறார்கள். சுற்றிலும் நெல் நிற்கிறது.